துப்பறியும் கதைகள்: தானவன் முதல் கணேஷ், வசந்த் வரை

துப்பறியும் கதை என்றவுடன் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். ரயில் பிரயாணத்தில் பொழுதைப் போக்குவதற்கு அது ஏற்றது, இறங்குமிடம் வந்ததும் இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகத்தக்கது என்பது அவர்கள் கருத்து. ஆயினும், தமிழில் அச்சான நாவல்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பொதுமக்களைப் புத்தகம் வாங்கிப் படிக்கும் வாசகர்களாக ஆக்கியதில் இவ்வகைக் கதைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கம் தாய்மொழியோடு பிணைக்கும் கயிறாக இருந்ததைப் பலர் தம் அநுபவத்திலேயே அறிவர். ஆகவே இக்கதைகள் எவ்வாறு தோன்றின, ஒரே துப்பறிவாளர் கதைக்குக் கதை மீண்டும் வருவதன் பயன் யாது, இவற்றால் நமக்கு ஆகக்கூடிய நன்மை என்ன என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

குற்றத்தை ஆராய்ந்து உண்மை காணும் கதை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் ஒரு களவு வழக்கைச் சுற்றியே சுழல்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியோ கோவலன்மேல் விழுந்தது. பாண்டியன் தீர விசாரியாமல் கொலைத் தண்டனை விதித்தான். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துக்கள் என்கிறான். சிலம்பு உடைக்கப்படுகிறது, மணி தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. இக்காலத்தார் தடயம் என்று சொல்லும் பொருட்சான்று இதுவே. ஒரே ஒரு நாள் முன்னதாக அச்சோதனை நடந்திருக்குமாயின் மதுரை எரிந்திராது. விசாரணைக்கு முன்னே தீர்ப்பு வந்தால் என்ன நேரும் என்பதை இதைக் காட்டிலும் அழுத்தமாகச் சொன்ன கதை நம் மொழியில் வேறில்லை. துப்பறியும் கதையின் சாரமும் இந்த அச்சமே. குற்றமற்றவன் தண்டனை பெற்றுவிடக் கூடாது; அதற்குள் எவரேனும் ஒருவர் சிலம்பை உடைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மீண்டும் மீண்டும் வரும் துப்பறிவாளரும் நமக்குப் பழையவரே. மரியாதைராமன் கதைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதையும் ஒரு தனி வழக்கு. வாதி வேறு, பிரதிவாதி வேறு. நீதி சொல்லும் ராமன் மட்டும் மாறுவதில்லை. கதை சொல்லும் பாட்டி அவனை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவன் பெயரைக் கேட்டதுமே குழந்தைகள், இன்று என்ன சிக்கல், அதை இவன் எப்படி அவிழ்க்கப் போகிறான் என்று நிமிர்ந்து உட்காருவர். இந்த எதிர்பார்ப்பையே பிற்காலத்துப் பத்திரிகைகள் வாரந்தோறும் பயன்படுத்திக்கொண்டன.

மேனாட்டில் இக்கதை வடிவத்துக்கு வித்திட்டவர் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ. 1841-ஆம் ஆண்டில் அவர் படைத்த துய்ப்பேன் என்னும் பாரிஸ் நகரத்து அறிஞர் மூன்றே கதைகளில்தான் வருகிறார். எனினும் அறிவாளியான ஒருவர், அவரை வியந்து கதையைச் சொல்லும் நண்பர், திகைத்து நிற்கும் போலீஸார் என்னும் மூவகைப் பாத்திரங்களும் அப்போதே அமைந்துவிட்டன. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தினார். 1891 முதல் ஸ்டிராண்ட் என்னும் மாதப் பத்திரிகையில் ஹோம்ஸின் சிறுகதைகள் வரத் தொடங்கிய பின்னரே அவர் புகழ் உச்சிக்கு ஏறியது. நெடுங்கதைகள் நான்கு, சிறுகதைகள் ஐம்பத்தாறு என அவ்வரிசை நீண்டது. இடையில் 1893-இல் ஆசிரியர் ஹோம்ஸைச் சாகடித்தார், வாசகர்கள் பொறுக்கவில்லை, பத்தாண்டுகள் கழித்து அவரை உயிர்ப்பித்துக் கொண்டுவர நேர்ந்தது. கற்பனைப் பாத்திரம் ஒன்றின்மேல் வாசகர்க்கு இருந்த உரிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழில் இத்துறையின் முதல் நூலாகக் கருதப்படுவது பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இல் வெளியிட்ட தானவன் கதைகள். தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களின் தொகுதி அது. ஆகவே தொடர்ந்து வரும் ஒரு துப்பறிவாளரின் கதைத் தொகுதியாகவே இத்துறை நம் மொழியில் கால்கொண்டது எனலாம். அக்காலத்தில் டிக் டோனவன் என்னும் புனைபெயரில் ஆங்கிலத்தில் துப்பறியும் கதைகள் வெளிவந்துகொண்டிருந்தன. தானவன் என்னும் பெயரில் அதன் ஒலியைக் கேட்கலாம். சாஸ்திரியார் தென்னாட்டு நாடோடிக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தவர். மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பாட்டி சொன்ன கதையை ஒரு கையிலும் ஆங்கிலப் புதுமையை மறு கையிலும் ஏந்திய அவர், இவ்விரண்டுக்கும் இடையே நடந்தவர் என்பது மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்குப் பெருமை தரும் செய்தி.

அவருக்குப் பின் வந்தவர்கள் இவ்வழியை அகலப்படுத்தினர். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகள் பலவற்றைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அவர் நாவல்களில் வரும் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் மாறுவேடத்தில் வல்லவர். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த திரைப்படத்தில் எம். என். நம்பியார் அப்பாத்திரத்தை ஏற்றார். இந்நூல்களின் நடை இன்று நமக்குச் சற்று நீளமாகத் தோன்றலாம். ஆனால், அந்நாளில் எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறையினர் பலர், அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று அறியும் ஆவலினாலேயே படிக்கும் பழக்கத்தைக் கைக்கொண்டனர்.

இவ்வரிசையில் நகைச்சுவையைப் புகுத்தியவர் தேவன். ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பு வகித்த மகாதேவனின் புனைபெயர் அது. 1913-இல் பிறந்து 1957-இல் மறைந்தார். 1940-களில் அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு' ஒரு தொடர் நாவலன்று. தனித்தனியே படிக்கத்தக்க சிறுகதைகளின் தொகுதி. சாம்பு ஒரு பாங்கிக் குமாஸ்தா, பார்வைக்கு அசடு. ஏதோ ஒன்றைச் செய்யப் போய் எதிலோ இடறி விழுகிறான். அவன் விழுந்த இடத்தில் திருடன் அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மதிநுட்பம் என்று போற்றுகிறார்; மனைவி வேம்பு பூரிக்கிறாள்; சாம்புவோ நடந்தது இன்னதென்று விளங்காமல் விழிக்கிறான். ஹோம்ஸின் இலக்கணத்தை நன்கு அறிந்த ஒருவரால்தான் இப்படித் தலைகீழாக்க முடியும். அன்றியும், பெரிய மனிதர்களின் புகழில் எத்தனை பங்கு தற்செயலானது என்னும் கேள்வியையும் தேவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார்.

1950-களிலிருந்து தமிழ்வாணனின் சங்கர்லால் இளைஞர்களை ஈர்த்தார். 'கல்கண்டு' பத்திரிகையின் ஆசிரியரான தமிழ்வாணன் தம் துப்பறிவாளரைத் தூய பழக்கங்கள் உடையவராக அமைத்தார். சங்கர்லாலின் கையில் மதுக் கிண்ணம் இராது. தேநீர்க் கோப்பை இருக்கும். வெளிநாடுகளுக்கெல்லாம் சென்று குற்றவாளிகளைப் பிடித்துவரும் தமிழரைக் கண்டு, ஊரைவிட்டே வெளியே போயிராத மாணவர்கள் உலகப் படத்தை விரித்துப் பார்த்தனர். அவர்களுள் சிலர் பின்னாளில் அந்நாடுகளுக்கே வேலை தேடிச் சென்றிருக்கவும் கூடும்.

இனி, பெங்களூருக்கு வருவோம். தமிழ்த் துப்பறியும் கதையில் மிகப் புகழ்பெற்ற இருவர் கணேஷும் வசந்தும். இவர்களைப் படைத்த சுஜாதா, தம் எழுத்து வாழ்வின் வளமான ஆண்டுகளை இந்நகரத்திலேயே கழித்தார். அவருடைய இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935-இல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பௌதிகமும், குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸும் பயின்றார். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றித் தில்லி முதலிய இடங்களில் வாழ்ந்தபின், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1954-இல் தொடங்கப்பெற்று ஜாலஹள்ளியில் இயங்கும் இந்த மத்திய அரசு நிறுவனத்தில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியிலும் அவர் பங்குகொண்டார். ஓய்வு பெற்றபின் சென்னையில் குடியேறி, 2008 பிப்ரவரி 27-ஆம் நாள் காலமானார். சுஜாதா என்பது அவர் மனைவியின் பெயர். குமுதம் பத்திரிகையில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே இருந்தமையால், பெயர்க் குழப்பம் நேராதிருக்க அதனைப் புனைபெயராக ஏற்றார்.

1968-இல் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' கதையில் வழக்கறிஞர் கணேஷ் முதன்முதலாகத் தோன்றினார். சில ஆண்டுகள் தனியே வந்த அவருக்குப் பின்னர் வசந்த் என்னும் இளைய வழக்கறிஞர் உதவியாக வந்து சேர்ந்தார். கணேஷ் நிதானமானவர், சொல்லை அளந்து பேசுபவர், எதையும் தருக்கத்தால் சோதிப்பவர். வசந்த் வாய்த்துடுக்குக்காரன்; பெண்களைக் கண்டால் அசடு வழிபவன்; ஆயினும் தக்க சமயத்தில் கூர்மையான கேள்வி கேட்பவன். அவன் அடிக்கடி சொல்லத் தொடங்கும் மெக்ஸிகோ சலவைக்காரி பற்றிய வேடிக்கைக் கதையை ஒருமுறையேனும் முழுதும் கேட்டுவிட வேண்டும் என்று வாசகர்கள் காத்திருந்தனர். ஆசிரியர் கடைசிவரை அதைச் சொல்லவிடவில்லை. இருவர் இருப்பதால் கதாசிரியனுக்குப் பெரிய வசதி உண்டு. துப்பறிவாளரின் மனத்தில் ஓடும் எண்ணங்களை ஆசிரியரே விளக்கிக்கொண்டிருந்தால் கதை நின்றுவிடும். ஒருவர் ஐயத்தைச் சொல்ல, மற்றவர் அதை மறுக்க, வாசகன் மூன்றாமவனாக நடுவே அமர்ந்து கேட்கிறான். 'கொலையுதிர் காலம்' நாவலில் இம்முறை நன்கு விளங்குகிறது. விசித்திரமான நிகழ்ச்சிகளுக்கு ஆவியே காரணம் என்று வசந்த் நம்ப முற்படுகிறான். விஞ்ஞான விளக்கம் இருந்தே தீரும் என்று கணேஷ் நிற்கிறார். முடிவு யாது என்பதை ஈண்டுச் சொல்வது முறையன்று.

இவர்களைச் சுஜாதா வழக்கறிஞராக அமைத்தது ஏன் என்பது கருதத்தக்கது. நம் நாட்டில் குற்றத்தைப் புலனாய்வு செய்யும் அதிகாரம் போலீஸுக்கே உரியது. தனியார் துப்பறிவாளர் ஒருவர் கொலை நடந்த அறைக்குள் நுழைந்து பூதக்கண்ணாடியை நீட்டினால், கான்ஸ்டபிள் அவரை முதலில் வெளியே அனுப்பிவிடுவார். வழக்கறிஞருக்கோ சட்டப்படி இடம் உண்டு. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆவது விதி அளிக்கிறது. கட்சிக்காரரிடம் உண்மையைக் கேட்கலாம், ஆவணங்களைப் பார்க்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆகவே மேனாட்டு மாதிரியைப் படியெடுக்காமல், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அருகே, தம்புச் செட்டித் தெருவில் இருக்கக்கூடிய ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை அவர் தேர்ந்துகொண்டார். அந்நீதிமன்றத்துத் தாழ்வாரங்களையும், கடற்கரைச் சாலையையும் நேரில் பார்ப்பதுபோல எழுதியவர் வேறு மாநிலத்தில் அலுவலகம் போய் வந்துகொண்டிருந்தார் என்பது, வெளியூர் வாழ் தமிழராகிய நமக்குத் தனிச் செய்தி.

சட்டத்தைப் பற்றிய மற்றொரு நுட்பமும் இவ்வகைக் கதைகளைப் படிப்போர்க்குப் பயன்படும். பல கதைகளில் இறுதிப் பக்கத்தில் குற்றவாளி போலீஸ் அதிகாரி முன்னிலையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறான். கதை சுபமாக முடிகிறது. நீதிமன்றத்தில் வழக்கு அங்கே முடியாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறியது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமமும் இவ்விதியைக் காத்துள்ளது. அடித்தும் அச்சுறுத்தியும் வாக்குமூலம் வாங்கப்படலாம் என்னும் எச்சரிக்கையே இதன் காரணம். ஆதலின் நல்ல துப்பறியும் கதை வாக்குமூலத்தை நம்பி நிற்பதில்லை. பொருட்சான்றைத் தேடிச் செல்கிறது. மீண்டும் சிலம்பின் பரலுக்கே வந்துவிட்டோம்.

துப்பறியும் சிறுகதையின் உள்ளமைப்பையும் கொஞ்சம் பார்ப்போம். எட்டு அல்லது பத்துப் பக்கங்களுக்குள் குற்றம் நிகழ வேண்டும். மூவர் அல்லது நால்வர்மேல் ஐயம் எழ வேண்டும். தடயங்கள் வாசகர் கண்ணில் பட வேண்டும். ஆனால் அவற்றின் பொருள் படக்கூடாது. ஈற்றில் விளக்கம் ஏற்கும்படி இருக்க வேண்டும். இத்தனையும் அடங்க இடம் ஏது? தொடர்ந்து வரும் துப்பறிவாளர் இங்கேதான் உதவுகிறார். அவர் யார், எத்தகையவர், எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் வாசகர்க்கு முன்னமே தெரியும். கதவு திறந்ததும் கட்சிக்காரர் உள்ளே வந்துவிடலாம். மிச்சமான பக்கமெல்லாம் மர்மத்துக்குக் கிடைக்கிறது. 1929-இல் ரானல்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கலாகாது. தெய்வச் செயலாலோ பேய்ச் செயலாலோ முடிச்சு அவிழலாகாது. எவரும் அறியாத நஞ்சைப் புகுத்தலாகாது என்பன அவற்றுள் சில. சுருங்கச் சொன்னால், வாசகரை ஏமாற்றலாம், ஆனால் அநியாயமாக ஏமாற்றக் கூடாது.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. துப்பு என்னும் சொல் பழைய நூல்களில் வலிமை, உணவு, பவளம் எனப் பல பொருள்களில் வருகிறது. குற்றத்தின் சுவடு என்னும் பொருளில் அதை மக்கள் நாவில் நிலைபெறச் செய்தவற்றுள் இக்கதைகளும் அடங்கும். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருந்தும், ஒற்றன் என்பது அரசனின் ஆள் என்னும் கருத்தை விட்டு நகரவில்லை; ஆகவே புதுத் தொழிலுக்குத் துப்பறிவாளர் என்னும் புதுப் பெயர் வேண்டியிருந்தது. தடயம், கைரேகை, பிரேத பரிசோதனை, முன்ஜாமீன் போன்ற சொற்களை நம்மில் பலர் சட்டப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. கதைகளிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் கற்றோம். கலைச்சொல் ஆக்குவோர் அறையில் உட்கார்ந்து உண்டாக்கும் சொல், இவ்வாறு ஒரு கதாபாத்திரத்தின் வாயில் ஏறினாலன்றி நடமாடுவதில்லை.

அண்டை மொழியினரும் இச்சுவையை அறிந்தவரே. பெங்களூரில் வாழ்ந்த என். நரசிம்மையா அதிகப் பள்ளிக் கல்வி இன்றிப் பஸ் கண்டக்டராகவும் வேலை பார்த்தவர். கன்னடத்தில் நூற்றுக்கணக்கான துப்பறியும் நாவல்கள் எழுதி, எளிய மக்களைப் புத்தகக் கடைக்கு வரவழைத்தார். அவருடைய துப்பறிவாளன் புருஷோத்தமன் கன்னடியர்க்கு, நமக்குச் சங்கர்லால் போன்றவன். நரசிம்மையா 2011-இல் மறைந்தார். வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்தியாயர் 1932-இல் படைத்த வியோம்கேஷ் பக்ஷி, தம்மைத் துப்பறிவாளர் என்று அழைப்பதை விரும்பாமல் 'சத்தியான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுவோன், என்றே சொல்லிக்கொள்வார். சத்யஜித் ராய் 1965 முதல் எழுதிய ஃபெலுதா கதைகள் சிறுவர் பத்திரிகையான 'சந்தேஷ்'-இல் தொடங்கிப் பெரியோரையும் ஈர்த்தன. பக்கத்து வீட்டுக் கன்னட நண்பரிடமோ, அலுவலகத்து வங்க நண்பரிடமோ இப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வானிலை பற்றிப் பேசி முடிந்துபோகும் உரையாடல் தானே வளரும்.

இறுதியாக நம் இல்லங்களைப் பற்றி. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், படிக்கத் தெரியாது. வாழ்த்துப்பாவும் நீதிமொழியும் கொண்ட பாடநூலைக் கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. இங்கே துப்பறியும் சிறுகதை கைகொடுக்கும். சாம்புவின் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிறுவர்க்கும் ஏற்றது. சுஜாதாவின் கதைகளைச் சற்று வளர்ந்தவர்க்கு வைத்துக்கொள்வது நலம். இரவு உணவுக்குப் பின் உரக்கப் படியுங்கள். மர்மம் விடுபடும் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, குற்றவாளி யார் என்று கேளுங்கள். விடை சொல்ல வேண்டுமாயின் கேட்டதைப் பிள்ளை நினைவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டும். தன் ஊகத்துக்குக் காரணம் கூற வேண்டும். அவ்வளவையும் தமிழில் செய்ய வேண்டும். மறுநாள் நீங்கள் வீடு திரும்புமுன் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டியாவது படித்துவிட வேண்டும் என்னும் ஆவல் அதற்கு எழக்கூடும். அவ்வாறு எழுந்தால் பாதி வேலை முடிந்தது. நூல்களுக்கு அலைய வேண்டியதில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. பிற நகரங்களிலும் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. தேவனின் நூலும் சுஜாதாவின் நூல்களும் இன்றும் அச்சில் கிடைக்கின்றன.

மொழியோடு மற்றொரு பழக்கமும் இவ்வழியே வந்து சேரும். வேற்றூரில் வாழ்வோர்மேல் எளிதில் ஐயம் விழும் என்பதைக் கோவலன் கதை காட்டியது; அவன் மதுரைக்குப் புதியவன், அவனை அறிந்தவர் அங்கே எவரும் இலர். நாமும் ஒரு காலத்தில் இவ்வூருக்குப் புதியவர்களே. இன்று நமக்குப் பின்னே வந்திருக்கும் வேறு மாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் நம் தெருக்கோடியில் இருக்கின்றன. தெருவில் ஒரு பொருள் காணாமற் போனால் முதற் பார்வை எப்பக்கம் திரும்புகிறது என்பதை நாம் அறிவோம். அப்போது, சான்று எங்கே என்று நம் பிள்ளை கேட்குமாயின், அக்கேள்வியை அதற்குக் கற்பித்த கதைகள் வீணானவை ஆகா.